விஷம் நுழையாத இரண்டு வீடுகள்

அத்தியாயம் ஒன்பது

முட்டை பொய் சொல்லாது என்பது தர்ஷிகாவின் கட்சி. முட்டை வாயே திறக்காது, அதில் பொய் என்ன மெய் என்ன என்பது சித்திக்கின் கட்சி. சிரம்பானை ஒட்டிய அம்பாங்கானில், சித்திக்கின் மாமா நடத்தும் சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில் இருந்த அந்தச் சின்னத் துப்பறியும் அலுவலகத்தில் இந்தத் தகராறு பல நாளாக ஓடிக்கொண்டிருந்தது. இன்று காலை சோதனைக்கூடத்திலிருந்து தர்ஷிகாவுக்குப் போன் வந்ததோடு அது முடிந்தது. முட்டைகள் பேசிவிட்டன. என்ன பேசின என்பதுதான் இரண்டு பேருக்கும் விளங்கவில்லை.

"மறுபடியும் சொல்லுங்க பாஸ், மெதுவா. நான் ரொட்டி போடுற குடும்பம். முட்டைன்னா எனக்கு முட்டை ஊத்தின ரொட்டி தெலூர் மட்டும்தான் தெரியும்" என்றான் சித்திக்.

"அஞ்சு வீட்டு முட்டை கொடுத்தோம். மூணு வீட்டு முட்டையில டையாக்சின் இருக்கு. கொஞ்சநஞ்சம் இல்ல. ரெண்டு வீட்டு முட்டை சுத்தம்."

"அந்த ரெண்டு வீடும் ஃபேக்டரிக்கு ரொம்ப தூரமா இருக்கும். அவ்வளவுதானே லா. கேஸ் முடிஞ்சது, வாங்க, கீழ போய்ச் சாப்பிடலாம்."

"ஒண்ணு பிலோமினா வீடு."

சித்திக் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தவன் மறுபடி உட்கார்ந்துவிட்டான். பிலோமினாவின் கோழிக்கூடும் பிளாஸ்டிக் உருக்கும் ஃபேக்டரியின் வேலியும் முதுகோடு முதுகு ஒட்டிக் கிடப்பவை. அந்தப் புகைபோக்கி இருமினால் பிலோமினாவின் கோழிக்குத்தான் முதலில் தும்மல் வரும்.

"அப்ப விஷம் அதிகமா இருக்கிறது யார் வீட்டு முட்டையில?"

"ரதி வீட்டு முட்டையில."

தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வரிசையில் கடைசி வீடு ரதியுடையது. ஃபேக்டரியிலிருந்து அதைவிடத் தூரமான வீடு அந்தத் தோட்டத்தில் கிடையாது. இந்த விவகாரத்தை அவர்களிடம் கொண்டு வந்தவளே அவள்தான். பகாவைத் தாண்டி கெமாஸ் போகிற பக்கம் உள்ள புக்கிட் கெலாடி தோட்டத்திலிருந்து, கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, இரண்டு பஸ் மாறி வந்து மாடிப்படி ஏறினாள். மூன்று பிள்ளைகள் வயிற்றிலேயே போய், நான்காவதாகத் தங்கிய பெண் குழந்தை அது. ஃபேக்டரிப் புகையில் உள்ள விஷம் தாய்ப்பாலில் இறங்கும் என்று யாரோ கைப்பேசியில் அனுப்பியதைப் படித்துவிட்டு அவள் தூக்கத்தைத் தொலைத்திருந்தாள். "என் பிள்ளைக்கு நான் என்னத்தக் கொடுத்துக்கிட்டிருக்கேன்னு எனக்குத் தெரியணும் அக்கா. அது எங்கேருந்து வருதுன்னும் தெரியணும்" என்றாள். வேறு எதுவும் கேட்கவில்லை.

தர்ஷிகா அரசாங்கத்தில் காற்றின் தரம் பார்க்கும் வேலையில் இருந்து, அலுத்துப்போய் வெளியே வந்தவள். டையாக்சின் என்றால் என்ன என்று அவள்தான் சித்திக்குக்குப் பாடம் எடுத்தாள். கண்டதையும் போட்டுக் கொளுத்தினால் பிறக்கிற விஷம் அது. புகையோடு போகும், சாம்பலோடு படியும், மண்ணில் விழுந்தால் மண்ணிலேயே வருஷக்கணக்கில் கிடக்கும். மண்ணைக் கொத்துகிற கோழியின் முட்டைக்குள் போகும், முட்டையைத் தின்றவரின் உடம்புக் கொழுப்பில் போய் உட்கார்ந்துகொள்ளும். உட்கார்ந்த பிறகு எழுந்து போக மனசே வராத விருந்தாளி. அதனால்தான் காற்றைப் பிடித்துச் சோதிப்பதைவிட, வீட்டுக்கோழி முட்டையைச் சோதிப்பது நல்லது என்றாள். சித்திக் முட்டைகளின் மேல் பென்சிலால் வீட்டு எண் எழுதினான். ஒன்றில் மட்டும் மீசை வரைந்துவிட்டுத் திட்டு வாங்கினான்.

அடுத்த வாரம் ஃபேக்டரிக்கு எதிரான தோட்டத்து மக்களின் மனு விசாரணைக்கு வருகிறது. அவர்கள் கையில் இருக்கும் ஒரே சாட்சி இந்த முட்டைகள்தான். அந்தச் சாட்சி இப்படிக் கோணல்மாணலாகப் பேசினால் விசாரணையில் என்ன நடக்கும் என்பதை யோசிக்கப் பெரிய மூளை தேவையில்லை.

"கார் சாவி எங்க?" என்றாள் தர்ஷிகா.

"சாப்பாடு?"

"வழியில."

வழியில் அவள் எங்கும் நிறுத்தவில்லை. அவள் நிறுத்த மாட்டாள் என்பது சித்திக்குக்கும் தெரியும்.

* * *

பிலோமினா அவர்களை வாசலிலேயே பிடித்து உட்கார வைத்துத் தேத்தண்ணி கொடுத்தார். கதவுக்கு மேல் ஒரு மரச்சிலுவை, அதற்குமேல் ஃபேக்டரியின் புகைபோக்கி. புகைபோக்கி அப்போதும் சாம்பல் நிறத்தில் ஏதோ விட்டுக்கொண்டுதான் இருந்தது. தொண்டையில் பிளாஸ்டிக் வாடை இறங்கியது.

"உங்க முட்டையில ஒண்ணும் இல்லைங்க. சுத்தமா இருக்கு" என்றாள் தர்ஷிகா.

"என்னாம்மா சொல்றே? இந்தப் புகையில எனக்கு மூச்சே விட முடியல. கோழிகூட உடம்பெல்லாம் சொறிஞ்சுக்கிட்டு நிக்குது, பாரு."

நிஜமாகவே சொறிந்துகொண்டுதான் நின்றன. பாதிக் கோழிக்குக் கழுத்தில் இறகே இல்லை. சித்திக் ஒன்றைத் தூக்கிப் பார்த்தான். இறகுக்குள் பேன் ஊர்ந்தது. அவசரமாகக் கீழே விட்டான்.

"பேன். பொல்லாத பேன்" என்றார் பிலோமினா. "அந்தக் கடைசி வீட்டு ரதி கோழியைப் பாரு, கல்யாணத்துக்குப் போறாப்ல மினுமினுன்னு நிக்கும். என் கோழி மட்டும் என்னா பாவம் பண்ணிச்சோ, தெரியல."

தர்ஷிகாவின் கை தேத்தண்ணிக் குவளையோடு பாதியில் நின்றது. சித்திக் அதைப் பார்த்தான். அவள் கை அப்படி நின்றால் உள்ளே ஏதோ ஓடத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அந்த நேரத்தில் அவளிடம் பேச்சுக் கொடுக்கக் கூடாது என்று படித்துப் படித்துச் சொல்லியும் அவனுக்கு அது வராது.

"பேனும் டையாக்சினும் சண்டைக்காரங்களா பாஸ்?"

"சுத்தமான இன்னொரு வீட்டுக் கோழியையும் பாக்கணும்" என்று எழுந்துவிட்டாள்.

இன்னொரு சுத்தமான வீடு அமிர்தலிங்கத்துடையது. வரிசையின் நடுவில் இருந்தது. வெளுத்த சட்டையோடு, நெற்றி நிறையத் திருநீற்றோடு வந்து கதவைத் திறந்தார். பின்கட்டில் அவருடைய கோழிகளும் மரத்தில் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தன.

"அவ இருந்தப்போ கோழி இப்படி இல்லம்மா. இந்த வருஷந்தான் பேன் பிடிச்சுப் போச்சு. எனக்கு இதெல்லாம் பாக்கத் தெரியாது" என்றார்.

சுவரில் அவர் மனைவியின் படம் மாலையோடு தொங்கியது. படத்துக்கு முன்னால் ஒரு சின்ன விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"அம்மா எப்ப ஐயா தவறினாங்க?"

"போன திருவிழாவுக்குக் கொடி ஏத்துறதுக்கு முன்னாடி. வருஷத் திதி இப்பதான் முடிஞ்சது. அடுத்த மாசத் திருவிழாவுக்குத்தான் இனிமே கோயில் வாசல மிதிக்கணும்."

தர்ஷிகா அவரை வணங்கிவிட்டு வேகமாக வெளியே வந்தாள். சித்திக்குக்கு ஓட வேண்டியிருந்தது.

"கண்டுபிடிச்சிட்டேன் பாஸ்" என்றான் மூச்சு வாங்க. "இந்தக் காத்து மதம் பாக்குது. வேதக்காரங்க வீட்டுப் பக்கம் மட்டும் போகல."

"அமிர்தலிங்கம் ஐயா நெத்தியப் பாத்தியா?"

"அதான் இடிக்குது."

"இடிக்கல." அவள் காரின்மேல் சாய்ந்து நின்றாள். முகத்தில் சந்தோஷம் கொஞ்சமும் இல்லை. "பிலோமினா மாரியம்மன் கோயிலுக்குப் போறதில்ல. அமிர்தலிங்கம் ஐயா துக்கத்துல இருந்ததால போன திருவிழாவுக்குப் போகல. போகாத ரெண்டு வீடும் சுத்தம். போன மூணு வீட்டுலயும் விஷம். புகை பறந்து வீட்டுக்கு வரல சித்திக். வீட்டுக்காரங்களே போய்க் கொண்டு வந்திருக்காங்க."

சித்திக் அவள் பார்த்த திசையில் திரும்பினான். தோட்டத்து எல்லையில், செம்பனை மரங்களுக்கு நடுவே கோயில் கோபுரத்தின் நுனி தெரிந்தது.

* * *

கோயில் சின்னதுதான், ஆனால் புதுச்சாயம் பூசிப் பளிச்சென்று இருந்தது. முன்னால் தீ மிதிக்கிற பூக்குழி, மண் போட்டு மூடிக் கிடந்தது. ஓரத்தில் ஆலமரத்தடியில் முனியாண்டிக் கல். அதன்முன் சூலம், அரிவாள், அவற்றோடு வரிசையாக மண்ணில் ஊன்றிய தடித்த இரும்பு ஆணிகள். ஒவ்வொன்றின் தலையிலும் ஓர் எலுமிச்சம்பழம் குத்தியிருந்தது.

சித்திக் குனிந்து பார்த்தான். தொடவில்லை, தனக்குச் சொந்தமில்லாத சாமியிடம் அவனுக்கு எப்போதும் ஒரு மரியாதை உண்டு. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு நிமிர்ந்தபோது அவன் குரல் மாறியிருந்தது.

"பாஸ், இது சாமி ஆணி இல்ல. ரயில் ஆணி. தண்டவாளத்தைக் கட்டையோட சேத்து அடிக்கிறது. ரயில் ஜங்ஷன் கெமாஸ்ல எங்க வாப்பா கடைக்கதவு அடிச்சுக்காம இருக்க இதைத்தான் முட்டுக் கொடுப்பாரு. தூங்கும்போது காட்டினாலும் இதை நான் சொல்லிடுவேன்."

"இங்க ரயில் கிடையாதே."

"அதான் கேக்குறேன். ரயில் இல்லாத தோட்டத்துக்கு ஆணி மட்டும் எப்படி நடந்து வந்துச்சு?"

தர்ஷிகா கோயிலின் பின்பக்கம் நடந்தாள். அங்கே, தகரக் கொட்டகைக்குக் கீழே, கருகரு என்று எண்ணெய் மின்ன, ஆளுயரத்துக்கு அடுக்கிவைத்திருந்தார்கள். தண்டவாளத்துக்கு அடியில் போடுகிற சிலிப்பர் கட்டைகள். கிட்டப் போனதுமே மூக்கைப் பிடித்துக்கொள்ளத் தோன்றியது. தார் நாற்றமும் மருந்து நாற்றமும் கலந்து வந்தன.

"யாரும்மா அது?" என்று குரல் கொடுத்துக்கொண்டு வந்தவர் குணாளன், கோயில் தலைவர். முன்பு இதே தோட்டத்தில் ஆட்களை மேய்க்கும் மண்டோராக இருந்தவர். தர்ஷிகாவை அடையாளம் தெரிந்ததும் முகம் மலர்ந்தது. "நம்ம ஃபேக்டரி கேஸ் அம்மாவா! வாங்க, வாங்க. கட்டையைப் பாத்தீங்களா? அடுத்த மாசப் பூக்குழிக்கு இப்பவே தயார்."

"இந்தக் கட்டை எப்பலேர்ந்து எரிக்கிறீங்க, அண்ணே?"

"போன வருஷந்தான் முதல். ரப்பர் பால்மரம் இருந்த காலத்துல விறகுக்கு என்னம்மா பஞ்சம்? இப்ப எங்க பாத்தாலும் செம்பனை. செம்பனை எரியுமா? புகையும், அழும், அணைஞ்சிடும். ரெண்டு வருஷம் பூக்குழியே சரியா அமையல. போன வருஷம் பாருங்க, இந்தக் கட்டை வந்துச்சு. விடிய விடிய தணல். அதுவும் பச்சையா ஒரு சுடர் எழும்புச்சும்மா! அம்மன் இறங்கிட்டான்னு ஊரே விழுந்து கும்பிட்டுச்சு. சாம்பல அள்ளும்போது இரும்பு ஆணியா வந்துச்சு, அதையும் முனியாண்டிக்கே வெச்சிட்டோம்."

பச்சைச் சுடர் என்றதும் தர்ஷிகா கண்ணை மூடிக்கொண்டாள். சித்திக்குக்கு ரசாயனம் தெரியாது. ஆனால் அவளைத் தெரியும்.

"சாம்பல என்ன பண்ணீங்க?"

"திருவிழாவுக்கு வந்த எல்லா வீட்டுக்கும் கொடுத்தோம். பூக்குழிச் சாம்பல் இல்லையா? நெத்தியில வெச்சுப்பாங்க, நாக்குல ஒரு சிட்டிகை போட்டுப்பாங்க. மிச்சத்தைக் கால் படாத இடமா, செடிக்கடியில போட்டுடுவாங்க. அதுல கோழி புரண்டா பேன்கூடக் கிட்ட வராதும்மா."

அதோடு எல்லாம் சரியாகப் பொருந்திவிட்டது. பேன் பிடித்த கோழி, பேன் பிடிக்காத கோழி, சிலுவை வைத்த வீடு, மாலை போட்ட படம். சித்திக்குக்குப் பழைய வேலையில், பொய் விபத்துக்குக் காப்புறுதிப் பணம் கேட்டு வருகிறவர்களைப் பிடித்துக் கொடுத்த நாட்களில், இப்படி எல்லாம் பொருந்துகிற கணம் தேன் மாதிரி இருக்கும். இப்போது அவன் கட்டைகளைவிட்டு இரண்டடி பின்வாங்கினான்.

தர்ஷிகா சொன்னாள். சுற்றி வளைக்காமல், அவசரப்படாமல் சொன்னாள். கரையான் வராமல் இருக்க இந்தக் கட்டையை மருந்தில் ஊற வைத்திருக்கிறார்கள், பச்சையாக எரிந்தது அந்த மருந்துதான் என்றாள். அந்த மருந்தோடு எரித்தால் என்ன பிறக்கும், அது எங்கே போய்த் தங்கும், முட்டையில் வந்தது எது என்பதை ஒவ்வொன்றாக எடுத்துவைத்தாள். குணாளன் முதலில் சிரித்தார். அப்புறம் கோபப்பட்டார். அப்புறம் அடுக்கிவைத்த கட்டையின் மேலேயே உட்காரப் போய், சட்டென்று விலகித் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"நான்தாம்மா கொடுத்தேன். வரிசையில நிக்க வெச்சு, பச்சப்புள்ளைங்க நாக்குல என் கையாலயே வெச்சேன்."

"உங்களுக்குத் தெரியாது, அண்ணே."

"இப்ப இந்தச் சாம்பலை எங்க கொண்டு போய்க் கொட்டுறது?"

"எங்கயும் கொட்ட முடியாது. எரிக்கவும் கூடாது, ஆத்துல விடவும் கூடாது. அள்ளி, மூடி, பத்திரமா வெக்கணும். அதுக்குன்னு இருக்கிறவங்களைக் கூப்பிடணும்."

"தோட்டத்து மண்ணு முழுக்கவா அள்ளுவாங்க?"

அவள் கொட்டகைப் பக்கம் கையைக் காட்டினாள். "இந்தக் கட்டைகளை எரிக்காம நிறுத்துங்க. இப்போதைக்கு நம்ம கையில இருக்கிறது அது ஒண்ணுதான்."

"நான் சொன்னா கேப்பாங்களாம்மா?" குணாளன் தலையை ஆட்டினார். "அம்மன் இறங்குன கட்டைன்னு நம்பிட்டாங்க. எரிக்கக் கூடாதுன்னு சொன்னா, ஃபேக்டரிக்காரன் கிட்ட வாங்கிட்டுப் பேசுறான்னுதான் சொல்லுவாங்க. நானே நேத்து வரைக்கும் அப்படித்தான் சொல்லியிருப்பேன்."

ஃபேக்டரியைப் பற்றிச் சித்திக் அப்போதுதான் நினைத்தான். "பாஸ், அடுத்த வாரம் விசாரணை?"

"அவங்க வக்கீல் பிலோமினா வீட்டு முட்டையைத் தூக்கிக் காட்டுவான். சிம்னிக்கடியில இருக்கிற கோழியே சுத்தம்னு சொல்லுவான். அத்தோட முடிஞ்சது."

"அப்ப ஃபேக்டரி நல்லவனா?"

"நான் அப்படிச் சொல்லல. அவன் என்ன விடுறான்னு எனக்குத் தெரியாது. இந்த முட்டையில இருக்கிறது அவனோடது இல்ல. அவ்வளவுதான் என்னால சொல்ல முடியும்." அவள் குரலில் கசப்பு இருந்தது. "உண்மையைத் தேடிப் போனோம். அது அவன் பக்கம் போய் நின்னுக்கிச்சு."

கிளம்பும்போது சித்திக்தான் கேட்டான். கேட்காமலேயே வந்திருக்கலாம் என்று பிறகு அவனுக்குப் பலமுறை தோன்றியது.

"தலைவரே, கட்டையைக் கோயிலுக்குக் கொடுத்தது யாரு?"

"நம்ம யோகேந்திரன்தான் தம்பி. கெமாஸ் பக்கம் பழைய ரயில் லைன் பிரிச்ச குத்தகைக்காரன்கிட்ட லோரி ஓட்டுறான். மூணு பிள்ளை போச்சு பாரு, நாலாவதாவது தங்கணும்னு அம்மனுக்கு நேந்துக்கிட்டான். லோரி லோரியா அவனே ஏத்திட்டு வந்து இறக்குனான். பிள்ளையும் தங்கிடுச்சு."

யோகேந்திரன் ரதியின் புருஷன்.

* * *

கடைசி வீட்டு வாசலில் யோகேந்திரன் லோரியைக் கழுவிக்கொண்டிருந்தான். கட்டுமஸ்தான உடம்பு, வெகுளியான முகம். தர்ஷிகா சொல்லச் சொல்ல, கையிலிருந்த குழாயை மூடவும் தோன்றாமல் நின்றான். தண்ணீர் அவன் காலைச் சுற்றித் தேங்கியது. சித்திக்தான் போய்க் குழாயை அடைத்தான்.

"இல்லை மேடம். அந்தக் கட்டையாலதான் என் பிள்ளை தங்குச்சு" என்றான். சண்டை போடுகிற குரல் இல்லை, கெஞ்சுகிற குரல். "அப்ப அவ அஞ்சு மாசக் கர்ப்பமா இருந்தா. திருவிழா முடிஞ்சு, அந்தச் சாம்பல தினமும் ஒரு சிட்டிகை சாப்பிட்டா. பிரசவம் வரைக்கும் சாப்பிட்டா. இன்னமும் சாப்பிடுறா. மத்த வீட்டுக்கெல்லாம் ஒரு பொட்டலம்தான். கட்டை கொடுத்தவன்னு எனக்கு ஒரு டின் நிறையக் கொடுத்தாங்க."

ஏன் ரதி வீட்டு முட்டையில் எல்லோரையும்விட அதிகம் என்பதற்கும் விடை கிடைத்தது. அந்த விடை இல்லாமல் இருந்திருக்கலாம்.

"பிள்ளைக்கு ஏதாச்சும் ஆயிடுமா?"

"தெரியாது. ஒண்ணும் ஆகாமலும் போகலாம். யாராலயும் உறுதியா சொல்ல முடியாது. இனிமே ஒரு சிட்டிகைகூட உள்ள போகக் கூடாது. அதை மட்டும் உறுதியா சொல்றேன்."

"மேடம், ஒரு உதவி." அவன் கதவுப் பக்கம் ஒரு முறை பார்த்துக்கொண்டான். "அவகிட்ட ஃபேக்டரின்னு சொல்லிடுங்க. சாம்பல நான் எப்படியாச்சும் எடுத்துடுறேன். நான்தான் கொண்டு வந்தேன்னு மட்டும் அவளுக்குத் தெரிய வேணாம். அவ தாங்க மாட்டா."

"கேட்டது ரதி. பதில் அவளுக்குத்தான் சொல்லணும்."

"கால்ல விழுறேன் மேடம்."

அதற்குள் ரதியே வெளியே வந்துவிட்டாள். இடுப்பில் குழந்தை. அது கன்னத்தில் பெரிய மைப்பொட்டோடு, வாயில் எச்சில் வழிய எல்லோரையும் பார்த்துச் சிரித்தது. சித்திக்கின் சட்டைப் பித்தானைப் பிடிக்கக் கையை நீட்டியது.

"என்னக்கா, முட்டை ரிசல்ட் வந்துடுச்சா? யாராம்?"

தர்ஷிகா வாயைத் திறப்பதற்குள் யோகேந்திரன் முந்திக்கொண்டான். "ஃபேக்டரிதான் ரதி."

சித்திக் தர்ஷிகாவைப் பார்த்தான். ஒரு பொய்யை ஒரு நிமிஷம்கூட விட்டுவைக்காதவள் அவள். இப்போது அவள் உதடு அசையவில்லை. குழந்தையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நான் அப்பவே சொன்னேன்ல! யாரும் நம்பல" என்றாள் ரதி. அவள் முகத்தில் வந்தது சந்தோஷம்தான். இத்தனை நாள் யாரென்று தெரியாமல் பயந்தவளுக்கு, எதிரி வேலிக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறான் என்று தெரிந்துவிட்டது. "இருங்கக்கா, வந்துடுறேன். இந்தப் புகைக்கு நம்மகிட்ட ஒரு மருந்துதான் இருக்கு."

உள்ளே போனவள் சாமி மாடத்திலிருந்து ஒரு மைலோ டின்னை எடுத்துக்கொண்டு வந்தாள். மூடியைத் திறந்து, விரல் நுனியில் ஒரு சிட்டிகை எடுத்து, "ஆ காட்டு தங்கம்" என்று குழந்தையின் வாய்ப்பக்கம் கொண்டு போனாள். குழந்தை பழக்கப்பட்டதுபோல நாக்கை நீட்டியது.

யோகேந்திரன் பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தான்.

ரதி அவன் கையைப் பார்த்தாள். அப்புறம் அவன் முகத்தை, டின்னை, கடைசியாகத் தர்ஷிகாவை. ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவள்தான், ஆனால் புருஷன் முகத்தைப் படிக்க அவளுக்கு எந்தச் சோதனைக்கூடமும் தேவைப்படவில்லை.

"நீங்க கொண்டு வந்த கட்டையா?"

அவன் படியில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான்.

ரதி விரலில் இருந்த சாம்பலைப் சேலையில் துடைக்கப் போனாள், பயந்து நிறுத்தினாள், அந்தக் கையை உடம்பிலிருந்து தள்ளி நீட்டியபடியே வைத்துக்கொண்டாள். தர்ஷிகா அவளைக் குழாயடிக்குக் கூட்டிப் போய் அந்தக் கையைத் தானே கழுவிவிட்டாள்.

"தினமும் சாப்பிட்டேன் அக்கா. வயித்துல இருக்கும்போதும், பெத்த பிறகும். எப்பக்கா போகும்?"

"பாதி போறதுக்கே ஏழெட்டு வருஷம் ஆகும்."

"சீக்கிரமா போக மருந்து இல்லையா?"

"இல்ல."

"எதுலயுமே போகாதா?"

தர்ஷிகா பதில் சொல்லத் தயங்கினாள். அந்தத் தயக்கத்துக்குள் என்ன இருக்கிறது என்பது சித்திக்குக்குத் தெரியும். காரில் வரும்போது ஒருமுறை அவள் சொல்லியிருந்தாள். தாயின் உடம்பைவிட்டு அந்த விஷம் வேகமாக இறங்குவதற்கு இருப்பது ஒரே ஒரு வழி. அவன் அல்லாஹ்வை நினைத்துக்கொண்டு, இதை மட்டும் அவள் கேட்காமல் இருக்க வேண்டும் என்று வேண்டினான்.

"பால்ல போகுமா?" என்றாள் ரதி.

"...போகும்."

"இவளுக்கா?"

"ரதி, நான் சொல்றதக் கேளு. டாக்டர்கிட்ட போனா பால நிறுத்தச் சொல்ல மாட்டாங்க. தாய்ப்பால்ல இருக்கிற நல்லது இதைவிடப் பெருசு. இது உண்மை, உன்னைத் தேத்துறதுக்காகச் சொல்லல. நாளைக்கே நானே சிரம்பான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போறேன். முட்டை வேணாம், சாம்பல் வேணாம், இனிமே புதுசா எதுவும்..."

ரதி கேட்டுக்கொண்டிருந்தாளா என்று தெரியவில்லை. பெரியவர்கள் யாரும் தன்னைக் கவனிக்காததில் குழந்தைக்குக் கோபம் வந்து, சிணுங்கத் தொடங்கியது. சிணுங்கல் அழுகையாயிற்று. பசி அழுகை என்று கல்யாணமாகாத சித்திக்குக்குக்கூடத் தெரிந்தது. யோகேந்திரன் தலையை நிமிர்த்தி, கையை நீட்டி, "எங்கிட்ட கொடு" என்றான். அவள் கொடுக்கவில்லை.

பிள்ளையை நெஞ்சோடு அணைத்துத் தட்டினாள், ஆட்டினாள், தோளுக்கு மாற்றினாள். அது முகத்தைத் திருப்பித் திருப்பி அவள் சட்டையில் தேடியது. அழுகை ஏறிக்கொண்டே போனது. எவ்வளவு நேரம் அப்படி நின்றாள் என்று சொல்ல முடியாது. கடைசியில் எல்லோருக்கும் முதுகைக் காட்டிச் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

அழுகை நின்றுவிட்டது. மடக் மடக்கென்று குடிக்கிற சத்தம் மட்டும் வாசல்வரை கேட்டது.